8080-ஐப் பிடித்திருப்பது யார்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்து "கம்ப்யூட்டர் நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனவர் இதுவரை யாரும் இல்லை. கோலார் தங்க வயலில் கடை வைத்திருக்கும் எனக்கு இப்போதெல்லாம் அதிகம் வருவது போர்ட் சண்டை. நெட்வொர்க்கில் பேசும் புரோகிராம் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பேசும். அந்த எண்தான் போர்ட். ஒரே எண்ணுக்கு இரண்டு புரோகிராம் வந்தால் முந்தியது ஓடும். பிந்தியது "இந்த போர்ட் உபயோகத்தில் இருக்கிறது" என்று கைவிரித்துவிடும். பிடித்திருப்பது யார் என்று மட்டும் சொல்லாது. அதைத் தேடுவது நம் தலையெழுத்து. இந்தத் தொழிலில் என்னோடு அவதிப்படுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ரயில் வியாதி

எங்கள் ஊரில் பாதிப்பேர் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ரயிலிலேயே லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்டேஷன் வந்ததும் அப்படியே மடக்கிப் பையில் திணித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஷட் டவுன் என்ற பேச்சே கிடையாது. உள்ளே ஓடிய புரோகிராம் எண்ணை விடாமல் உட்கார்ந்திருக்கும்.

நரேஷ் என்ற வாடிக்கையாளர் வைரஸ் என்று பயந்துபோய் வந்தார். நேற்று அவரே திறந்துவிட்ட புரோகிராம்தான் இன்று அவருக்கு வழிவிடாமல் நிற்கிறது என்று காட்டினேன். "இன்னா ப்ரோ, மூடினா நிக்காதா அது?" என்றார்.

மெர்சியின் வாரம்

மைசூர் மைன்ஸ் பகுதி மெர்சி வந்தது வேறு அவசரத்தில். அப்பா அந்தோணி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சு கெட்டுப்போய் ஆக்சிஜன் மிஷினோடு வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். ஒரு வாரம் பார்ப்போம், ஒழுங்காக நடந்தால் தொடரலாம் என்றது ஆபீஸ். முதல் நாளே வீட்டு லேப்டாப்பில் ஆபீஸ் புரோகிராம் திறக்கவில்லை. 8080 உபயோகத்தில் இருக்கிறதாம்.

இதுவும் ரயில் வியாதிதான் என்று நினைத்து, கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்ற கட்டளையை அடித்து, 8080-ஐப் பிடித்திருந்ததை பெயர்கூடப் பார்க்காமல் நிறுத்திவிட்டேன். புரோகிராம் திறந்தது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. லேப்டாப்போடு ஓடிவந்த மெர்சி, மேனேஜர் அனுப்பியிருந்ததைப் படித்துக் காட்டினாள். "இன்னொரு முறை இப்படி ஆனால் நீங்கள் ஆபீசுக்கே வந்துவிடுங்கள்."

பீரோ மேல் இருந்தது

அன்றைக்கும் நிறுத்திக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள் அவள் வேலை தொடங்கும் முன்பே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். இந்த முறை பிடித்திருக்கும் புரோகிராமின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்தேன். கேமரா புரோகிராம். நிமிர்ந்தால், பீரோ மேல் சின்ன கேமரா, அந்தோணி ஐயாவின் கட்டிலைப் பார்த்தபடி. ஆபீசிலிருந்து போனில் அப்பாவைப் பார்க்க மெர்சியே மாட்டியது. கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகவே எழுந்து 8080-இல் உட்கார்ந்துகொள்கிறது. நிறுத்தினாலும் மறுநாள் வந்துவிடும்.

அப்பாவைப் பார்க்க வைத்ததே அவளை அப்பாவிடமிருந்து ரயிலேற்றப் பார்த்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. "கேமராவுக்கு வேற எண் கொடுத்துடலாம்மா, ரெண்டும் ஓடும்" என்றேன்.

"வேணாண்ணா, எடுத்துடுங்க. நான்தான் வீட்ல இருக்கேனே" என்றாள்.

எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் புரோகிராம் திறந்தது. மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினாள்.

வாரக் கடைசியில் அனுமதி வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். காபி குடிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். அந்தோணி ஐயா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "கேமரான்னா திரும்பி ஒக்காந்து ஊறுகா துன்னுவேன் தம்பி. இவ முன்னால வந்து நிக்கிறா."

எந்த எண்ணை எது பிடித்திருக்கிறது என்று கறுப்புத் திரை சொல்லிவிடுகிறது, அதை நிறுத்தலாமா என்று கேட்கத்தான் வீடு வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.