தீவு ப்ரூவரியில் மூக்கு வேலை

முதல் நாள்

இன்டர்வியூவில் யாரும் இதைச் சொல்லவில்லை. யீஸ்ட் செல்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ண ஆள் தேவை என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. நான் கோயம்புத்தூரில் மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. முடித்தவள். கிரீன் கார்டு வரும்வரை பிளசன்டன் ஊரில் கணவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்; கார்டு வந்ததும் கிடைத்த முதல் வேலை இது. அலமீடா தீவில் ஒரு பழைய படகுக் கிடங்கில் நடந்த சின்ன ப்ரூவரி, பீர் காய்ச்சும் இடம். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பே ஏரியா வட்டாரத்தில் இப்படி நிறைய முளைத்தன. இவர்கள் காய்ச்சியது ஏல் என்ற பீர் வகை மட்டும். பேல் ஏல், பிரவுன் ஏல், கறுப்பாகப் போர்ட்டர்.

ஹெட் ப்ரூவர் வால்ட் மூன்று கிளாஸ்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸ், அதிகம் பேசாத ஆள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லு."

அதுவரை பீர் பாட்டிலைத் தொட்டதுகூட இல்லை. ஒயின் டேஸ்டிங்கில் துப்புவார்கள் என்று எங்கோ படித்தது நினைவு வர, "துப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"ஒயினுக்குத் துப்பலாம். பீரை முழுங்கணும். கசப்பு தொண்டையிலதான் தெரியும்."

முழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சாயங்காலம் கணவர் சேகரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

"ப்ரூவரின்னா லேப்ல உக்காந்து டெஸ்ட் பண்றதுன்னுல்ல நெனச்சேன்! நீயே குடிக்கணுமா?"

"ரெண்டு வாய்தாங்க."

"சரி, எங்கம்மா போன் பண்ணா பால் டெய்ரின்னு சொல்லிடு. அங்கயும் டேங்க் எல்லாம் இருக்கும்."

பழகிய பிறகு

சில மாதங்களில் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. ஏலில் குறை வந்தால் அது வாசனையில்தான் முதலில் தெரியும். யீஸ்ட் தன் வேலையை முடிக்காவிட்டால் வெண்ணெய் வாசம் அடிக்கும். கொதி போதாவிட்டால் வேகவைத்த மக்காச்சோளம். பழைய ஸ்டாக்கில் ஈர அட்டைப்பெட்டி. வால்ட் எப்போதும் என்னைத்தான் முதலில் கேட்பார். நான் சொன்னதற்கு ஏற்ப கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவைக் கூட்டுவார், குறைப்பார். தன் கருத்தை மட்டும் சொல்லவே மாட்டார். புதிதாக வந்தவளுக்குப் பயிற்சி தருகிறார், நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை

ஃப்ரீவேயில் டிராஃபிக் குறைவாக இருந்ததால் அன்று சீக்கிரமே போய்விட்டேன். கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். பீர் காய்ச்சும் பெரிய கொப்பரையான கெட்டிலுக்கு அடியில் கேஸ் பர்னர் உண்டு, அதைக் கையால்தான் பற்றவைக்க வேண்டும். வால்ட் நீளமான லைட்டரோடு அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"முட்டை நாத்தம் அடிக்குதே," என்றேன்.

"யீஸ்டாதான் இருக்கும்," என்றார், தலையைத் தூக்காமல்.

யீஸ்ட் புளிக்கும்போது சில சமயம் அப்படி நாறும், உண்மைதான். ஆனால் சனிக்கிழமையே எல்லா டேங்கையும் காலி செய்து கழுவிவிட்டோம். கட்டிடத்தில் புளித்துக்கொண்டிருக்கிற பீர் ஒரு சொட்டுகூட இல்லை.

லைட்டரின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

"வேணாம்! பத்த வைக்காதீங்க! கேஸ்!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன் என்பதே பிறகுதான் உறைத்தது. கடைசி வார்த்தை மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நெஜமாவே நாறுதா?"

கண் எரியும் அளவுக்கு நாற்றம். வாசலில் நிற்கிற எனக்கே குமட்டுகிறது. இவர் பர்னருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறார்.

சுவிட்ச் எதையும் தொடாமல் இருவரும் வெளியே ஓடினோம். சுவரோரம் இருந்த மெயின் வால்வை அவர் மூடினார். அடுத்த கட்டிடத்துக்குப் போய் கேஸ் கம்பெனிக்கு போன் செய்தேன். வந்த ஆள் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு, பர்னருக்குப் போகிற பைப்பில் ஒரு ஜாயின்ட் விட்டிருப்பதாகச் சொன்னார். "நல்லவேளை, யாரும் நெருப்பு வைக்கல," என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கேஸ் கம்பெனி ஆள் அதைச் சரிசெய்ய உள்ளே போன பிறகு வால்ட் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் சைக்கிள்லேர்ந்து விழுந்தேன். பின்மண்டைல அடி. அதுலேர்ந்து மூக்கு வேலை செய்யல. டாக்டர் திரும்பி வராதுன்னுட்டார்."

"அப்ப இத்தனை மாசமா..."

"நீ சொன்னதை வெச்சுத்தான் பண்ணேன். நீ ஓகே சொல்லாத பீர் ஒண்ணுகூட வெளிய போகல."

பாராட்டுப்போலச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எனக்கு இன்னைக்கு ஜலதோஷம் பிடிச்சிருந்தா?"

"மூக்கு இல்லாத ப்ரூவர்னு தெரிஞ்சா எனக்கு எவனும் வேலை தர மாட்டான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, கோமதி," என்றார். அந்த மனுஷர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "ஓனர் வந்ததும் நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஓனர் லின்டா கையில் இருந்த காபியைக் கீழே வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள். "இன்னைக்குக் காலைலதான்," என்றேன்.

அவள் வால்ட்டை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் கெட்டிலைத் தனியாக இயக்க இனி அனுமதி இல்லை என்றாள். கேஸ் அலாரம் மாட்டிய பிறகுதான் அடுத்த பேட்ச் காய்ச்சினோம். டேஸ்டிங்கும் என் ஒருத்தியின் வேலையாக இல்லாமல், எல்லோரும் உட்காரும் பேனலாக மாறியது.

முதல் பேனலில் பிரவுன் ஏல். வால்ட்டின் முறை வந்தது. ஒரு வாய் குடித்தார். "கசப்பு இருக்கு. கொஞ்சம் இனிப்பு இருக்கு. மத்தது எனக்குத் தெரியல," என்றார். அவர் காது மடல் சிவந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவர் கிளாஸை எடுத்தார், டேஸ்டிங் தொடர்ந்தது.

பிறகு நான் உணவுக் கம்பெனி லேப்களுக்கு மாறி, பலரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். என்னிடம் இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கடகடவென்று ஒப்பிப்பார்கள். முழுக்கக் கேட்டுக்கொள்வேன். கடைசியில், "உங்களால முடியாதது என்ன?" என்று கேட்பேன். பலர் திகைத்துப்போவார்கள். யோசித்து, வெட்கப்பட்டு, ஒன்றைச் சொல்கிறவரை நம்பி லேபில் தனியாக விட்டுவிட்டு என்னால் வீட்டுக்குப் போக முடியும்.