ஸ்டேட்டஸில் வந்த முகம்

மாமா, அதாவது அக்காவின் கணவர், இறந்த செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போன அவர் வண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மோதியிருந்தது. யாரோ பக்கத்தில் போய், ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்த முகத்தைப் படமெடுத்து, மாவட்டச் செய்தி போடும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். மங்கலாக்கக்கூட இல்லாமல் அப்படியே போட்டுவிட்டார்கள்.

அக்கா என்னைப் போலவே ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தாள். எங்கள் பக்கம் கட்டிய மனைவிக்குச் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். ‘கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா’ என்பதோடு சரி. மாமாவின் தம்பியும் அதைத்தான் சொன்னார்.

“அண்ணி காதுக்குப் போகக் கூடாது மச்சான். வூடு வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்.”

அக்காவை பஸ் ஏற்றினேன். “என் போன்ல நெட் இல்லக்கா, உன்னுத குடு” என்று பொய் சொல்லி அவள் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

“காலு கீலு போயிருக்குமாடா?”

“தெரியலக்கா. ஆஸ்பத்திரியில பாத்துக்கறாங்களாம்.”

“தூங்காம ஓட்டாதீங்கன்னா, அப்ப நீ வந்து ஓட்டுடிங்கறாரு.” சிரிக்கப் பார்த்தாள்.

என் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தை நீக்கச் சொல்லி ஃபேஸ்புக்கில் புகார் கொடுக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் தோழிகளின் படங்களைப் போலிக் கணக்குகளிலிருந்து எடுக்கவைத்தவன், இதெல்லாம் எனக்கு வேகமாக வரும். படத்தில் இருப்பது நீங்களா என்று கேட்டது. இல்லை. உங்கள் குழந்தையா? இல்லை. அப்படியானால் சம்பந்தப்பட்டவரையே புகாரளிக்கச் சொல்லுங்கள் என்றது. எந்த வழியில் நுழைந்தாலும் கடைசியில் அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியது. படத்துக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் ஏறிக்கொண்டே இருந்தன.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கே எழுதினேன். உடனே பதில் வந்தது.

“விழிப்புணர்வுக்குத்தான் ப்ரோ. பாத்தா நாலு பேரு மெதுவா ஓட்டுவாங்க.”

“யார்கிட்ட கேட்டுப் போட்டீங்க?”

“ரோட்டுல நடந்ததுக்கு யார்கிட்ட கேக்கறது?”

“அவரு சம்சாரம் என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. இன்னும் சொல்லல.”

காவேரிப்பட்டணம் தாண்டும்போது பார்த்தேன், படத்தை நீக்கியிருந்தார்கள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். மாமியாரிடம் பேச வேண்டும் என்று அக்கா கேட்டதும் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கேதான் யாரும் வாய் திறக்க மாட்டார்களே.

மாமியார் எடுக்கவில்லை. அக்கா சும்மா வாட்ஸாப்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மாமாவின் தம்பி ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். அதே படம்தான். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. நெற்றி ரத்தம் அப்படியே இருந்தது.

விரலை எடுத்தால் அடுத்தவர் ஸ்டேட்டஸுக்கு ஓடிவிடும் என்று திரையை அழுத்திப் பிடித்தபடியே தருமபுரி வரை வந்தாள்.

ஊரில் அந்தத் தம்பியை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“நான் எங்க மச்சான் சொன்னேன்? ஒருத்தரும் போன் பண்ணலியே. ஸ்டேட்டஸ் எல்லாரும் வெக்கறதுதான? வெக்கலன்னா, கூடப் பொறந்தவன் ஒரு அஞ்சலிகூட வெக்கலன்னு பேசுவாங்க. கையில இருந்தது அந்த போட்டோதான்.” என் தோளில் விழுந்து தேம்பினார்.

மருத்துவமனையிலிருந்து மாமாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகத்தைக் கழுவி நெற்றியில் கட்டுப் போட்டிருந்தார்கள். அசந்து தூங்குகிறவர் மாதிரி இருந்தார்.

“கடேசியா ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கம்மா” என்று பெண்கள் அக்காவைத் தூக்கி நிறுத்தினார்கள்.

“பாத்துட்டேன்” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லு மனசு என்று யாரோ முணுமுணுத்தார்கள். கழுவிய அந்த முகத்தை அக்கா பார்க்காமலே மாமாவைத் தூக்கிப் போனோம்.