டிரசர் ஆர்தரும் மூன்று மாதப் பத்தியமும்

கடல் கடந்து தமிழர் குடியேறிய ஜெலுத்தோங்கில் ஆர்தரைத் தெரியாத வீடு அந்நாளில் குறைவு. 1914இல் அவனுக்கு இருபத்தாறு வயது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், ஆஸ்பத்திரியில் புண் கழுவும் வேலையில் சேர்ந்து, எட்டே வருடத்தில் டிரசர் ஆகியிருந்தான். டாக்டர் துரைக்கு அடுத்தபடி நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறவன் அவன்தான். அவன் வீட்டார் அதைச் சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை. சொல்லிக்கொள்ளத் தக்கதுதான்.

அவ்வருடம் ஜூலை முதல் வாரத்தில், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்குத் தலைவரான ஷேக் அலாவுதீனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிய மனிதர். இப்போது படுத்தால் மூச்சு முட்டியது. கால்கள் வீங்கியிருந்தன. ஆர்தர் கட்டைவிரலால் அழுத்தினான். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகக் கோளாறு என்று அட்டையில் எழுதிப் போனார். வேண்டாத தண்ணீரை வெளியேற்றும் உறுப்பு கெட்டால் கால் வீங்கும். சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆர்தருக்கு எதையும் சோதித்துப் பார்த்துத்தான் பழக்கம். நோயாளியின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு விளக்கில் காய்ச்சினான். சிறுநீரகம் பழுதென்றால் பெரும்பாலும் அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரியும். திரியவில்லை. மறுபடி காய்ச்சினான். தெளிவாகவே இருந்தது.

திரும்பி வந்து நோயாளியின் காலடியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, கண்ண மூடுங்க. எந்த விரல தொடுறேன், சொல்லுங்க."

"நீ முதல்ல தொடு தம்பி. அப்புறம்தானே சொல்ல முடியும்?"

ஆர்தர் அதற்குள் பெருவிரலைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"போன மாசம் ஒத்தச் செருப்போட பள்ளிவாசல் வரைக்கும் போயிட்டேன்," என்றார் அலாவுதீன். "கழண்டதே தெரியல. எவனோ செய்வினை வச்சுட்டான்."

ஆர்தர் சீனர் வார்டில் ஒரு வருடம் இருந்தவன். இதே மரத்த காலை அங்கே நூறு பேரிடம் பார்த்திருந்தான். பெரிபெரி. தீட்டிய வெள்ளையரிசியையே நம்பியிருப்பவர்களுக்கு வருவது. தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது. அதில்லாமல் நரம்பு வேலை செய்யாது. நீளமான நரம்பு முதலில் சோர்வதால் பாதம் முதலில் மரக்கும். பிறகு இதயம் தளரும். ரத்தம் தேங்கி, தண்ணீர் காலில் இறங்கும். ஆனால் தமிழர்கள் புழுங்கலரிசி தின்கிறவர்கள். நெல்லைப் புழுக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். தமிழனுக்குப் பெரிபெரி வராது என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த சங்கதி. டாக்டருக்கு அந்த எண்ணமே எழாததும் அதனால்தான்.

பகல் சோறு கொண்டுவந்த அலாவுதீனின் மனைவி மஹ்பூபாவிடம் தூக்குச்சட்டியைத் திறக்கச் சொன்னான். உப்புப் போல வெள்ளைச் சோறு, மிளகுத்தண்ணீர். வேறொன்றுமில்லை.

"வீட்ல எல்லாருக்கும் இதுதானா அக்கா?"

"எங்களுக்குப் புழுங்கலரிசி, பருப்பு, மீனு. இவங்களுக்குப் பத்தியம். மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சு. வைத்தியர் பத்து நாளைக்குப் பச்சரிசியும் மிளகுத்தண்ணியும்னாரு. அது முடிஞ்சும் அசதி போகல, நிறுத்தப் பயந்துட்டேன்; அப்புறம் காலும் ஓய ஆரம்பிச்சுது. பருப்பு வாயு, மீனு சூடு. அரிசிய அஞ்சு தடவ கழுவி, கஞ்சிய வடிச்சுக் கொட்டிடுவேன். ஒரு நாள் தவறல."

கடைசிப் பேச்சை அவள் பெருமையோடுதான் சொன்னாள். நோய் ஏற ஏறப் பத்தியம் இறுகியிருக்கிறது. பத்தியம் இறுக இறுக நோய் ஏறியிருக்கிறது.

ஆர்தர் கண்ணாடிக் குழாயையும் தூக்குச்சட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினான். டாக்டர் வந்து மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். அட்டையில் எழுதியதை அடித்தார். இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம், தவிட்டுச் சாறும் பச்சைப்பயறும் இன்றே கொடு என்றார்.

"தவிடு மாட்டுக்குப் போடறது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அலாவுதீன். "நான் மாடா?"

"மாட்டுக்கு இப்படிக் கால் மரத்துப்போறதில்லண்ணே."

மஹ்பூபா அழத் தொடங்கினாள். "பத்தியம் முறிஞ்சா உயிருக்கே ஆபத்துன்னாங்களே, தம்பி."

"பத்தியத்தாலதான் இப்ப ஆபத்து. எனக்கு ஏழு நாள் குடுங்க. மூச்சு முட்டல் குறையலன்னா, நானே மிளகுத்தண்ணி வச்சுக் கொண்டாறேன்."

படுக்கவும் முடியாமல் முன்னால் குனிந்து மூச்சு வாங்கும் கணவரை அவள் சிறிது நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆர்தர் கையிலிருந்த தவிட்டுச் சாற்றுக் கிண்ணத்தை வாங்கித் தானே ஊட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார்.

மூன்றாம் நாள் சிறுநீர் தாராளமாக இறங்கியது. ஐந்தாம் நாள் கால் வற்றியது. ஏழாம் நாள் காலை ஆர்தர் வார்டுக்குள் நுழைந்தபோது அலாவுதீன் மல்லாந்து படுத்திருந்தார்.

"நடக்கறது எப்ப?"

"இதயம் சீக்கிரம் தேறிடும். நரம்பு மெதுவா வரும். நாலஞ்சு மாசம் பொறுக்கணும்."

மஹ்பூபா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்ப நாந்தான் இவங்கள இப்படி ஆக்கிட்டேனா தம்பி?"

ஆர்தர் பதிலை அளந்துதான் சொன்னான். "சாப்பாடுதான் ஆக்குச்சு அக்கா, அது உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் தவறலன்னு நீங்க சொன்னதாலதான் எனக்குப் பிடிபட்டுச்சு. நடுவுல பருப்பு, மீனுன்னு குடுத்திருந்தா நானும் குழம்பியிருப்பேன்."

"அழுகைய விடு லா," என்றார் அலாவுதீன் கட்டிலில் இருந்தபடி. "ஆட்டுக்கறி திங்கலாமான்னு கேளு."