பிரேக் அக்கா துடுப்பு வலிக்கிறார்

உடற்பயிற்சிக் கூடத்தின் துடுப்பு மெஷினில் ஏறி உட்கார்ந்ததும் பிரேக் அக்கா முதலில் கையை உயர்த்தி, அங்கே இல்லாத கண்ணாடியைச் சரிசெய்கிறார். பிறகு இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பின்னால் யாரும் வரவில்லை. தரை துடைக்கும் மாப்பு ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் வழிவிட்ட பிறகே கைப்பிடியைப் பிடிக்கிறார். கால் உதைக்க, முதுகு சாய, கை இழுக்க, இருக்கை தண்டவாளத்தில் சர்ரென்று பின்னால் போகிறது. மெஷினின் வயிற்றுக்குள் காற்றாடி உறுமுகிறது. எதிரே தண்ணீரும் இல்லை, கரையும் இல்லை. நீலப் பெயிண்ட் உரிந்த சுவர் மட்டும். ஆனாலும் அக்காவின் முகத்தில் நாற்சந்தியைக் கடக்கிறவரின் பொறுப்பு.

அக்கா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை பார்ப்பவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் முன்னால். அக்கா பக்கத்து சீட்டில். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஊரில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு கார் ஓட்டுவதும், மீதிப் பேர் உயிரோடு நடந்துபோவதும் அந்த வலது காலின் தயவு. கிரீடம் சூட்டியிருக்க வேண்டிய கால். செருப்புதான் கிடைத்தது.

அந்தக் காலுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. பஸ்ஸில் போனால் டிரைவருக்காக மிதிக்கும். சினிமாவில் கார்கள் துரத்திக்கொண்டால் முன் வரிசைக்காரர் முதுகைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். ராத்திரி வீட்டுக்காரரின் குறட்டை வேகமெடுத்தால் அவருக்கும் ஒரு மிதி. "நான் லைசென்ஸ் எடுத்தவன்டி, என்னை விட்டுடு" என்று மனிதர் தூக்கத்திலேயே கெஞ்சுவாராம்.

இத்தனை வருஷம் ஒரே காலில் ஊரைத் தாங்கினால் இடுப்பு சும்மா இருக்குமா? கோணிக்கொண்டது. அக்கா காரிலிருந்து இறங்குவது, மாடியிலிருந்து பீரோவை இறக்குவது போல ஆனது. ஒரு கை கதவில், ஒரு கை கூரையில், நடுவே தெருவுக்கே கேட்கும்படி ஓர் "அம்மாடி!"

பள்ளியின் முதலாளி வேறு யாருமில்லை, வீட்டுக்காரரின் தம்பிதான்.

"போதும் அண்ணி. இனிமே ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க. ஃபேன் இருக்கு, சுத்துற சேர் இருக்கு."

நாற்காலியை வாங்கியே போட்டுவிட்டார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அக்கா பார்த்த பார்வையில் அது தானாகவே அரைச் சுற்றுத் திரும்பிக்கொண்டது என்று சொல்கிறார்கள்.

"அது சுத்தும், சரி. எங்கயாவது போகுமா? போனை எடுத்து 'ஹலோ' சொல்லவா நான் பொறந்தேன்? என் சீட்டு வண்டில இருக்கு தம்பி."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். மாசக் கடைசில நான் பின் சீட்ல வர்றேன். காலைலேர்ந்து மதியம் வரைக்கும் ஒரு 'அம்மாடி' இல்லாம ஏறி எறங்கிக் காட்டுங்க. சத்தம் வந்துச்சுன்னா, மறுநாள்லேர்ந்து போன்."

"வராது. சேரை நீயே வச்சுச் சுத்திக்க."

வாய் சொல்லிவிட்டது. இடுப்பைக் கேட்கவில்லை. அக்கா உடற்பயிற்சிக் கூடத்தின் படியில் கைப்பிடியைப் பற்றியபடி இறங்கியது மறுநாள் காலையில்.

அங்கே கோச் என்பவர் எந்தச் சட்டைக்குள்ளும் முழுதாக அடங்காத இளைஞர். அவருடைய தத்துவம் இரண்டே வரி: துடுப்பு தம்முக்கு, இரும்பு தெம்புக்கு.

"ரெண்டும் கலக்கணும்க்கா. துடுப்பை மட்டும் இழுத்தா மூச்சு வரும், இடுப்பு நிக்காது. குண்டை மட்டும் தூக்கினா இடுப்பு நிக்கும், மாடி ஏறுறப்ப மூச்சு நின்னுடும்."

ஆகவே கொஞ்சம் துடுப்பு, இறங்கி, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தரையிலிருந்து தூக்குதல், மரப்பெட்டிமேல் ஒற்றைக் காலில் ஏறுதல், மறுபடி துடுப்பு. குண்டின் முன்னால் நிற்கும்போது அக்கா தனக்குத் தானே பாடம் எடுத்துக்கொள்வார். "முதுகு நேரா! பார்வை முன்னாடி! என்ன அவசரம்? யாரு செத்துட்டாங்க?" அந்தக் குரலுக்குக் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள், கோச் உட்பட.

இவ்வளவு செய்தும் இடுப்பு மட்டும் வழிக்கு வரவில்லை. கோச் ஒருநாள் தரையில் குந்திக்கொண்டு கவனித்தார். போகும்போது இருக்கை ஒழுங்காகப் போகிறது. திரும்பி வரும்போது பாதியில் வெடுக்கென்று நிற்கிறது. அக்காவின் இடுப்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. வலது கால், மிதிபலகையை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறது. எப்போதெல்லாம்? பக்கத்து மெஷினில் இருக்கும் வக்கீலம்மா வேகம் எடுக்கும்போதெல்லாம். வக்கீலம்மா, கோர்ட்டில் சொல்ல முடியாததையெல்லாம் மெஷினின் சங்கிலியிடம் சொல்லித் தீர்க்கிறவர்.

"அக்கா, அவங்க மெஷினுக்கு நீங்க எதுக்கு பிரேக் போடுறீங்க?"

"அவங்க போற போக்கைப் பாத்தீங்களா தம்பி?"

வக்கீலம்மா மூச்சிரைக்கத் திரும்பினார். "அக்கா, இது எங்க போய் யார் மேல மோதப்போகுது?"

அக்கா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வாதம் அவ்வளவு பலமாக இருந்தது.

நோய் தெரிந்துவிட்டது, வைத்தியம் கொடுமையாக இருந்தது. கோச் காலைக் கட்டும் பட்டையை அவிழ்த்துவிட்டார். இரண்டு காலும் சமமாக உதைத்தால் உட்கார்ந்திருக்கலாம், ஏமாற்றினால் மல்லாக்க விழலாம். பெட்டிமேல் ஏறுவதோ இடது கால் மட்டும். "வலது காலுக்கு லீவு" என்றார்.

"அதுக்கு லீவு விட்டா ஊருக்கு யாரு பொறுப்பு?"

அதோடு விட்டாரா? வக்கீலம்மாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, "முடிஞ்ச மட்டும் ஓட்டுங்க" என்று உத்தரவும் போட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நீலச் சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருதரம் ஜபித்தார்: "அவங்க வண்டி, அவங்க பாத்துக்குவாங்க. அவங்க வண்டி, அவங்க பாத்துக்குவாங்க." முதல் வாரம் வாய் சொன்னது, கால் நம்பவில்லை. பிறகு ஒருநாள் காலையில், வக்கீலம்மா புயலாகப் போய்க்கொண்டிருக்க, அக்காவின் இருக்கை வெண்ணெயில் கத்தி போல முன்னும் பின்னும் போய்வந்தது. பக்கத்தில் யாரும் சாகவில்லை. அக்காவுக்கே அது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அந்த உற்சாகத்தில் வக்கீலம்மா கார் பழகவும் சேர்ந்துவிட்டார். "என் வேகத்தை ரோட்லயும் ஒருதரம் பாத்துடுங்கக்கா."

மாசக் கடைசி வந்தது. முதலாளி பின் சீட்டில், காதைத் தீட்டிக்கொண்டு. காலையில் வந்த ஒவ்வொருவரையும் அக்கா இறங்கி வழியனுப்பி, மறுபடி ஏறினார். கை கூரைக்குப் போகவில்லை. சத்தம் கதவினுடையது மட்டுமே. முதலாளி தண்ணீர் குடித்தார், வாட்சைப் பார்த்தார், "வலிச்சா சொல்லிடுங்க அண்ணி" என்று ஆசை காட்டினார்.

"உனக்கு வலிக்குதா தம்பி? பின் சீட்டு கொஞ்சம் குலுக்கும்."

கடைசி ஆள் வக்கீலம்மா. கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெருவில் நல்ல வேகத்தில் வளைந்தார். தூரத்தில் ஒரு கேட்டிலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அக்காவின் வலது கால் எழுந்தது. கட்டைவிரல் சுருண்டது. பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

வக்கீலம்மா பார்த்துவிட்டார். அவராகவே மிதித்தார். கார் கட்டுப்பாடாக, லாரிக்கு இன்னும் இரண்டு கார் நிறுத்தலாம் என்கிற இடைவெளியில் நின்றது.

பின் சீட்டில் தடால் என்று ஒரு சத்தம். முதலாளி இரண்டு காலாலும் வெறும் தரையை மிதித்திருந்தார். கூடவே, தெருவுக்கே கேட்கும்படி, "அம்மாடி!"

லாரிக்காரர்கூட எட்டிப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த இருவரும் திரும்பவில்லை.

"அது நான் சொன்னது அண்ணி" என்றார் முதலாளி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"சாட்சி இருக்கு சார்" என்றார் வக்கீலம்மா.

லாரி போய்விட்டது. தெரு நேராக, காலியாகக் கிடந்தது.

"போலாமாக்கா?"

"போம்மா."

கார் கிளம்பி வேகம் பிடித்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை மடக்கி, அதன் மேல் வலது காலையும் தூக்கிப் போட்டு, சீட்டிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.