மறுபடி ஏறிப் போனவர்

சியரா மலையில், ஏரிக்கு மேலே இருக்கும் கணவாய் வரை எப்படியோ சைக்கிளில் ஏறிவிட்டேன். இறங்கத்தான் தைரியம் வரவில்லை. சாலையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புகூட இல்லாத பள்ளம். நின்ற சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, கண்ணை மூடி, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, எறங்கலீங்களா?"

கண்ணைத் திறந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. ஹெல்மெட்டுக்குக் கீழே நீளப் பின்னல், வியர்வையில் கரைந்த பொட்டு. தன் சைக்கிளைத் தட்டிக்கொடுத்து, "செத்த இரு கண்ணு" என்று அதனிடம் சொன்னார்.

"சீனரி பாக்கறேங்க" என்றேன்.

"கண்ண மூடிக்கிட்டுங்களா? வாங்க, தள்ளிக்கிட்டே போலாம்."

பள்ளத்தின் பக்கம் அவர் நடந்தார், பாறைப் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டார். ஃப்ரீமான்ட் நகரில் பிஞ்சு முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை.

ஏரிக்கரையில் காத்திருந்த மனைவியைக் கண்டதும் எனக்கு வீரம் திரும்பியது. "வாங்க, காபி குடிக்கலாம்" என்று அந்தப் பெண்மணியை அழைத்தேன்.

"இல்லீங்க. சர்ருனு எறங்கற சொகத்துக்குத்தான் அவ்வளவு தூரம் ஏறுனேன். அது இன்னும் பாக்கி இருக்குதுங்களே!"

சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பி, மறுபடி மலையேறத் தொடங்கினார்.

"யாருங்க அவங்க?" என்றாள் மனைவி. பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் இறங்கி வருவதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை என்று சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.