பிரிக்ஃபீல்ட்ஸ் போன என் ஆர்க்கிட்டுகள்

அந்த நாட்களில் மலாயாவில், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். மெட்ராசில் படித்துவிட்டுக் கூடப்பிறந்த அண்ணனோடு கப்பலேறி வந்தவள். அண்ணனுக்கு ஈப்போவுக்கு மாற்றலானதும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். தனியாக என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் பந்தலின் கீழ் ஏகப்பட்ட ஆர்க்கிட் செடிகள் இருந்தன.

அவற்றில் ஒன்றுகூட நான் வாங்கியதில்லை. ரப்பர் நடுவதற்காகச் சுற்றிலும் காட்டை அழித்துக்கொண்டிருந்த காலம். பெரிய மரங்கள் சாயும்போது கிளைகளில் ஒட்டியிருந்த ஆர்க்கிட்டுகளும் கூடவே விழும். பிறகு எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். எனக்குச் செடி பிடிக்கும் என்பது எப்படியோ தோட்டத்து ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிவருகிறவர்கள் தீ வைக்கும் முன் கிளையோடு வெட்டியெடுத்த செடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

"பூக்குமான்னு தெரியல மிஸ்ஸி. பச்சையா இருந்துச்சு, கொண்டாந்தேன்" என்று வார்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நர்ஸ்களை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

செடிகளை எப்படி வளர்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்காரர்கள். அங்கே ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போயிருந்தபோது அறிமுகமானார்கள். ஒருவர் ரயில்வே ஆபீசில் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கும் அவர் மனைவிக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸில் நிற்க இடமில்லாத அளவுக்குச் செடிகள். அவர்களை அண்ணன், அக்கா என்றே கூப்பிடுவேன். இன்னொருவர் அதே தெருவில் பட்டறை வைத்திருந்த சீனத் தச்சர். ஆர்க்கிட் கட்டித் தொங்கவிடும் மரக்கூடைகளை அவரைப்போல யாரும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலேறிப் போவேன். நான்கு பேரும் பட்டறை வாசலில் காப்பி குடித்துக்கொண்டு வேரைப் பற்றியும் சட்டியில் போடும் கரியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம்.

அந்தப் பேச்சு ஒரு பெரணிச் செடியால் நின்றுபோனது. மான்கொம்புபோலக் கிளைத்துத் தொங்கும் பெரணி அது. அதற்குக் கண்காட்சியில் கிளார்க் அண்ணனுக்குக் கோப்பை கிடைத்தது. குட்டிச் செடியாக அதைக் கொடுத்தவர் தச்சர். மேடையில் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தச்சருக்கு மனவருத்தம். இத்தனை வருஷம் வளர்த்தது நானல்லவா என்று அண்ணனுக்குக் கோபம். ஒரே தெருவில் இருந்துகொண்டு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்வந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் காற்றடித்தது. கடற்பக்கமிருந்து வரும் சுமாத்ரா காற்று எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று காலை பெருமழையோடு வந்தது வேறு மாதிரி. வார்டு ஜன்னல்கள் கழன்று விழுந்தன. கூரைத் தகரம் ஒன்று காகிதம்போலப் பறந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருந்த நேரம். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, எங்கள் இருவர்மேலும் போர்வையைப் போட்டுக்கொண்டு பிரசவம் பார்த்தேன். குழந்தை அழுத சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவதைப் பார்த்துத்தான் அழுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது பாதிக் கூரையைக் காணோம். பின்னால் நின்ற தென்னை பந்தலின் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன் கீழே மூங்கிலும் ஓலையும் சட்டி ஓடுகளும் செடிகளும் ஒன்றாக நசுங்கிக் கிடந்தன. வானம் வெளுத்து, நல்ல வெயில் அடித்தது. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்து கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மரக்கால்கள் ஊன்றி உயரமாகக் கட்டிய அவர் வீடு தப்பியிருந்தது. சுடுசோறு போட்டு, அன்றிரவு தன் பாயிலேயே படுக்க வைத்தார். செடி வளர்ப்பதை இதோடு விட்டுவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மறுநாள் காலை வாசலில் யாரோ கூப்பிடுகிற குரல். அக்கா நின்றார், கிளார்க் அண்ணனின் மனைவி. கையில் தூக்குச்சட்டி, கக்கத்தில் ஒரு மூட்டை. பின்னால் அண்ணன் கோடரியோடு நின்றார். கிள்ளான் ரயில் பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன என்று அண்ணனின் ஆபீசுக்குத் தந்தி வந்திருக்கிறது. பாதை திறந்ததும் முதல் வண்டியில் ஏறிவிட்டார்கள். அதே வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து தச்சரும் ரம்பத்தோடு இறங்கியிருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து என் வீடுவரை மூவரும் பேசாமல் நடந்து வந்திருக்கிறார்கள்.

"அக்கா, வேணாம்க்கா. எல்லாம் போச்சு. விட்டுடுங்க" என்றேன்.

"முதல்லை சாப்பிடும் பிள்ளை" என்று தூக்குச்சட்டியைத் திறந்தார் அக்கா. "மூட்டைக்குள்ளை சேலை இருக்கு, மாத்தும். அழுறதெண்டா பின்னேரம் ஆறுதலா அழலாம். வெய்யில் ஏறமுன்னம் செடிக்கண்டுகளை நிழலுக்கு எடுக்கோணும்."

தென்னையை அகற்றினால்தான் எதையும் எடுக்க முடியும். தச்சர் அதைத் துண்டு துண்டாக அறுத்தார். துண்டுகளைத் தூக்க ஒருவரால் ஆகாது. ஒரு முனையில் தச்சர், மறுமுனையில் அண்ணன். முதல் துண்டை ஆளுக்கொரு நேரத்தில் தூக்கி, அது நழுவி அண்ணன் காலருகே விழுந்தது. தச்சர் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து பிடித்துக்கொண்டு, "சாத்து, டுவா" என்று மலாயில் எண்ண ஆரம்பித்தார். அண்ணன் "தீகா" என்று முடித்தார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். அதுதான் அவர்கள் மறுபடி பேசிய முதல் பேச்சு. உச்சிவேளையில் ஒரே இளநீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த செடிகளைப் பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டுக்கு அடியில் பரப்பச் சொன்னார். கோழிகளை விரட்டிக்கொண்டு காவலும் இருந்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நசுங்கிய வேரைக் கத்தியால் சீவி, வெட்டிய இடத்தில் கரித்தூள் தடவினார். சிலதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பால் வைத்தார். கூரையில்லாத வீட்டில் மிச்சத்தை வைத்திருக்க முடியாது. சாக்கிலும் மண்ணெண்ணெய்த் தகரங்களிலும் அடுக்கி, ரயில் கார்டின் பெட்டியில் ஏற்றிப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள்.

"உங்களுக்கெல்லாம் எவ்வளவு சிரமம், தவுக்கே" என்றேன் தச்சரிடம். கடை, பட்டறை வைத்திருக்கும் சீனரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தாப்பா, மிஸ்ஸி" என்று கையை ஆட்டினார். பரவாயில்லை என்று அர்த்தம். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அக்கா சொன்ன மாதிரியே ஆறுதலாக அழுதேன்.

ஒரு வாரம் கழிந்து எனக்கு லீவு கிடைத்தது. அன்று காலை ரயிலிலிருந்து பார்த்தால் வழிநெடுக மரங்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. புறா ஆர்க்கிட். பெருமழை பெய்து குளிர்ந்தால் சில நாள் கழித்து ஊர் முழுக்க ஒரே நாளில் பூக்கும், மறுநாள் வாடிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியபோது தெருவெல்லாம் அந்த வாசனை. அண்ணன் வீட்டு வராந்தாவில் என் செடிகளைப் பார்த்தேன். வேர் போனது, தண்டு முறிந்தது, தேங்காய் மட்டையில் கயிறு போட்டுக் கட்டியது என்று கிடந்தவற்றில் புறா ஆர்க்கிட் எல்லாமே பூத்திருந்தன. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் முற்றத்தைப் பார்த்தேன். வராந்தா நிழலை என் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடைய செடிகளை வெயிலில் இறக்கி வைத்திருந்தார்கள். கோப்பை வாங்கிய அந்தப் பெரணி வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கொம்புகள் பழுப்பேறிக் கருகியிருந்தன. தச்சர் அதன்மேல் நிழலுக்காக ஒரு சாக்கைத் தூக்கிப் பிடித்து வேலியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றேன்.

"அது வேரோடை இருக்கு, திரும்பத் துளிர்க்கும்" என்றார் அக்கா. "உம்மடை கண்டுகளுக்கு வேரே இல்லை. ஆருக்கு நிழல் கூட வேணும், நீரே சொல்லும்."

"நான்தான் இறக்கினனான்" என்றார் அண்ணன். "அவர் வந்து என்னை ஏசினவர். பிறகு அவரே ஆணி கொண்டந்தார்."

எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. பிரசவித்தவர்களின் நன்றியைத் தினமும் வாங்கிக்கொள்கிறவள்தான் நான். கும்பிடுவார்கள், காலைத் தொட வருவார்கள், போங்க போங்க என்று விரட்டிவிடுவேன். அன்று நன்றி சொல்லும் பக்கத்தில் நானே நின்றிருந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்து, கருகிய செடிகளுக்கெல்லாம் ஊற்றினேன். யாரும் தடுக்கவில்லை.

என் வீட்டுக் கூரை வேய்ந்து முடிய இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. புதுப் பந்தலைத் தச்சர் பலகைச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார். அண்ணன் ஞாயிறுதோறும் வந்து கூடமாட நின்றார். சட்டத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று இருவரும் சத்தம்போட்டுச் சண்டை பிடித்ததைப் பக்கத்து வீட்டு அம்மா படியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். கொண்டுபோனவற்றில் பாதிக்கு மேல் பிழைத்துத் திரும்பி வந்தன. பிழைக்காதவற்றுக்காக அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இவ்வளவும் செய்துவிட்டு மன்னிப்பா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு பல வருஷம் அந்த ஊரில் இருந்தேன். ஆறு பெருகிப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குள் தண்ணீர் வந்த வருஷமும் அதில் ஒன்று. செய்தி கேட்டதும் சோறு வடித்து, மாற்றுச் சேலை எடுத்து, ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். வண்டி எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் அவர்களிடம் போகக் காத்திருந்தபோது கவலையாக இருந்தது. கூடவே, போய்ச்சேர எனக்கும் ஒரு வீடு அங்கே இருக்கிறதே என்ற நிம்மதியும் இருந்தது.