பிளக்கில் சுற்றிய டேப்

எங்கள் மைதான்பெக் ஊரில் எவனாவது புதிதாக ராக் இசைக்குழு ஆரம்பித்தால் கிதாரைத் தேடுவதற்கு முன் வெலிபோரைத் தேடுவான். செம்புச் சுரங்கத்து லாரிகளுக்கு டயர் மாட்டுவதுதான் அவருடைய வேலை. ஆனாலும் கையிலிருக்கும் காசுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், எது வெறும் பகட்டு என்று சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.

"டேய், சாராயக்கடை மூலையில பாடுறதுக்கு உனக்கு பீரோ மாதிரி ஸ்பீக்கர் எதுக்கு? ரெண்டே பெட்டி வாங்கு, ஸ்டாண்டுல ஏத்தித் தலைக்கு மேல நிறுத்து. பாடுறவனுக்கு அவன் குரலே கேக்கற மாதிரி காலடியில ஒண்ணு வை. மிச்சத்துக்கு நல்ல மைக். கலர் லைட்டெல்லாம் உன் கல்யாணத்துல போட்டுக்கோ" என்பார்.

பழைய சாமானை அவர் சோதிப்பதே ஒரு வேடிக்கை. யாரையும் எதையும் வாசிக்க விடமாட்டார். பிளக்கைச் சொருகுவார், ஒலியை முழுக்கத் திருகுவார், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "சும்மா இருக்கறப்ப என்ன பேசுதுன்னு கேளு. அதுதான் அதோட நெசமான குணம்" என்பார். பெட்டி அடிக்குரலில் உறுமினால் அவர் முகம் பல்வலிக்காரன் முகமாகிவிடும். அந்தக் காதைப் பற்றி ஊருக்கே பெருமை. அவருக்கு மட்டும் இல்லை. ரொம்பத் தன்னடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

வெலிபோருக்கு ஒரே ஒரு நண்பன் இருந்தான், ஸ்ரெட்டென். இரண்டு பேருக்கும் ஒரே டயர் கொட்டகை, ஒரே இசைக்குழு. இவர் பாஸ் கிதார் வாசிப்பார், அவன் கிதாரை மாட்டிக்கொண்டு பாடுவான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது உடம்பெல்லாம் நடுங்க ஆடுவான், அதைப் பார்க்கவே கூட்டம் வரும். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது தேவாலயத்தில் அதைக் கையில் ஏந்தி நின்றவர் வெலிபோர். ஞானத்தகப்பனை எங்கள் பக்கம் கூம் என்போம். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் பேசாமல் இருக்கலாம். கூமோடு அது முடியாது, அது சாகும்வரை உள்ள கட்டு.

துன்யா என்ற அந்தக் குழந்தை தவழத் தொடங்கிய வருடத்தில், மே தினத்துக்கு மலைமேட்டுப் புல்வெளியில் வாசிக்க அவர்களைக் கூப்பிட்டார்கள். ஸ்ரெட்டெனுக்குக் கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. புதிது வாங்க வக்கில்லை. கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிக்கும் டிஹோமிர் பழசு ஒன்றை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் டிஹோமிர். "இதுக்குள்ள எங்கயோ கரண்டு கசியுது. எர்த் இருக்கற வரைக்கும் பயமில்ல. எர்த்த மட்டும் எடுத்துடாத."

"சரிண்ணே" என்று வெலிபோர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூட யாரும் போகவில்லை, கேட்டதும் அவர் ஒருவர்தான்.

மே தினத்தன்று காலையில் மழை தூறி ஓய்ந்திருந்தது. ஊரே ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தது. காவல் குடிசையிலிருந்து கரண்டு இழுத்து எல்லாவற்றையும் மாட்டியதும் மேடை முழுக்க ஒரே உறுமல்.

"வெல்யா, என்னடா இது? பாடப்போறது நானா, தேன்கூடா?" என்று ஸ்ரெட்டென் சிரித்தான்.

வெலிபோருக்கு அவமானமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் சாமான் பொறுக்கிக் கொடுக்கிறவரின் சொந்த மேடை இப்படியா? அந்த நாளில் எங்கள் பக்கத்துக் குழுக்கள் எல்லாம் செய்த வேலையைத்தான் அவரும் செய்தார். ஆம்பின் பிளக் ஓரத்தில் எர்த்துக்காக இருக்கும் இரண்டு தகடுகளின் மேலும் கறுப்பு டேப்பைச் சுற்றி மறுபடி சொருகினார். உறுமல் பட்டென்று நின்றது. டிஹோமிர் சொன்னது ஞாபகத்துக்கு வராமலில்லை. ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தார்.

"மந்திரவாதிடா நீ!" என்று ஸ்ரெட்டென் அவர் முதுகில் தட்டினான்.

மூன்றாவது பாட்டில் வியர்த்த கை கிதார் கம்பியில் இருக்க, அவன் உதடு மைக்கின் இரும்பு வலையைத் தொட்டது. உடம்பு நடுங்கியது. வழக்கமான ஆட்டம் என்று நாங்கள் கைதட்டினோம். விசில்கூட அடித்தோம். வெலிபோர் ஒருவருக்குத்தான் விஷயம் புரிந்தது. பின்னால் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்ரெட்டென் விழுந்தான், அதற்கும் கைதட்டல் எழுந்தது. அவன் மறுபடி எழவே இல்லை.

போலீஸ் வந்து பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது சுத்தமாக இருந்தது. பழி மொத்தமும் ஆம்ப் விற்றவர் தலையில் விழுந்தது. "எர்த்த எடுக்காதன்னு சொன்னேனே!" என்று டிஹோமிர் தொண்டை கிழியக் கத்தினார். எர்த்துதான் சரியாக இருந்ததே, பொய் வேறு பேசுகிறானே கிழவன் என்று ஊர் காறித் துப்பியது. வெலிபோர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் டிஹோமிரை யாரும் அழைக்கவில்லை. அக்கார்டியனை விற்றுவிட்டு ஆற்றோரத்து வீட்டுக்குள் அவர் முடங்கிப்போனார். வெலிபோரோ, ஸ்ரெட்டென் வீட்டைக் காக்கும் புனிதரின் திருநாள் விருந்துக்கு வருடம் தவறாமல் முதல் ஆளாகப் போய், அவனுடைய விதவை பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு வந்தார். தொண்டையில் எப்படித்தான் இறங்கியதோ!

துன்யா வளர்ந்தாள். அப்பன் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. இருபது வயதில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்தாள்.

"கூமே, எங்க கையில காசு கம்மி. நீதான் பாத்துப் பொறுக்கிக் குடுக்கணும்" என்று வந்து நின்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஸ்பீக்கர், மிக்ஸர், மைக் என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைந்து வாங்கித் தந்தார்.

எல்லாவற்றையும் அவள் வீட்டுக் கார் கொட்டகையில் மாட்டிய அன்று மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. கிதார் ஆம்ப் உறுமத் தொடங்கியது. துன்யா ஆம்பை அணைக்கவில்லை. இன்னும் சொருகாத மிக்ஸர் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"என்ன பண்ற?"

"எர்த்த மறைச்சிட்டா அடங்கிடும் கூமே. எல்லாரும் செய்யறதுதான, உனக்குத் தெரியாததா?"

அவர் பாய்ந்து அதைப் பிடுங்கியதில் அவள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். "லூசா நீ? என்ன ஆச்சு உனக்கு?" என்று கத்தினாள்.

வெலிபோர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டிஹோமிர் எச்சரித்தது, டேப் சுற்றியது, போலீஸ் வருமுன் அதைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"கரண்டப் புடுங்கிட்ட, சரி. அப்பா விழுந்து கெடக்கறாரு. ஆட்டம்னு நெனச்சு ஊரு கைதட்டுது. நெசம் உனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். "மொதல்ல டேப்பப் பிச்சியா, அப்பாகிட்ட ஓடினியா?"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப்ப."

"ஒடனே வந்துடுச்சா?"

"இல்ல. சூட்டுல ஒட்டிப்போயிருந்துச்சு. நகத்தால சுரண்டிச் சுரண்டித்தான்..."

ஆம்ப் உறுமிக்கொண்டே இருந்தது. துன்யா எழுந்து கதவைத் திறந்தாள். அதுவரை நீ, வா, போ என்று பேசியவள், "டிஹோமிர் தாத்தா வீடு தெரியும்ல? அங்க போய்ச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு இனிமே வராதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் டிஹோமிர் வீட்டு வாசலில் நின்று வெலிபோர் எல்லாவற்றையும் சொன்னதைத் தெருவே கேட்டது. கிழவர் கடைசிவரை கேட்டார். "அக்கார்டியனுந்தான் இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மே தினத்துக்கு அதே புல்வெளியில் துன்யா பாடினாள். வெலிபோர் தூரத்தில், ஆடு வாட்டும் புகைக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரின் உறுமல் மேடு முழுக்கக் கேட்டது. துன்யா அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.